முல்லைக்கு அடுத்து எந்தப் பெயர்?

தங்கச்சி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். நீங்கள் காரைக்காலிலிருந்து ஃபிரான்சைச் சேர்ந்த ரியூனியன் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் இங்கே சேன்ட் ஆந்த்ரே ஊரில் பிறந்து வளர்ந்த மல்பார் குடும்பம், அதாவது இந்தத் தீவின் தமிழ் வம்சாவளி; குடும்பப் பெயர் ராமசாமி. அடுத்த மாதம் பெண் குழந்தை பிறக்கப்போகிறது. முதல் பெயர் முல்லை என்று இருவரும் முடிவு செய்துவிட்டீர்கள். இழுபறி எல்லாம் இரண்டாம் பெயரில். உங்களுக்கு நிலா பிடித்திருக்கிறது. காரைக்காலில் அப்பா தன் அம்மா நாகம்மாளின் பெயரை வைக்கச் சொல்கிறார். மாமியார் தன் பாட்டி ரோஸின் பெயரைக் கேட்கிறார். முல்லையோடு எது சேரும், பிரெஞ்சு எழுத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலா வேண்டாம். இரண்டாவதாக நாகம்மா, மூன்றாவதாக ரோஸ். ஆனால் மாமியாரிடம் ஒரு விஷயம் கேட்ட பிறகு இந்த வரிசை மாறினாலும் மாறலாம். அது என்ன என்று கீழே சொல்கிறேன்.

இரண்டாம் பெயர் வெறும் அலங்காரம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். முதல் பெயருக்கு ஓசை நயமாக ஒன்றைச் சேர்த்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பிரெஞ்சுச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சிவில் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, பிறப்புப் பதிவில் உள்ள எந்தப் பெயரையும் ஒருவர் தன் அன்றாடப் பெயராக வைத்துக்கொள்ளலாம் என்கிறது. இரண்டாவதோ மூன்றாவதோ, அதற்காக விண்ணப்பம் எதுவும் போட வேண்டியதில்லை. ஆகவே நீங்கள் எழுதும் ஒவ்வொரு பெயரும் உங்கள் மகள் ஒருநாள் தன் முழுப் பெயராக நிமிர்ந்து சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். 'நிலா ராமசாமி' அதற்குத் தாங்கும், மறுக்கவில்லை. எனக்குத் தயக்கம் வேறொரு காரணத்தால்.

முல்லை என்பது ஒரு காட்சி. காடு, கார்காலம், மாலை நேரம், ஒருவருக்காகக் காத்திருத்தல் என்று நம் திணை மரபு முழுவதும் அந்த ஒரு பூவுக்குள் இருக்கிறது. பறம்பு மலைப் பாரி தேரை நிறுத்திக் கொடியைப் படரவிட்ட கதை தமிழ்ப் பள்ளியில் படித்த எல்லாருக்கும் நினைவிருக்கும். இவ்வளவு நிறைந்த பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு காட்சியை வைத்தால் இரண்டும் மங்கும். முல்லை நிலா, முல்லை மலர், முல்லை தென்றல் எல்லாம் காதுக்கு இனிமைதான். ஆனால் கேட்பவருக்குக் கவிதை வரியாகப் படுமே தவிர ஓர் ஆளின் பெயராகத் தோன்றாது. முல்லை, ஜாஸ்மின் என்று வைத்த குடும்பமும் உண்டு. முல்லையே ஒரு வகை மல்லிகை என்பதால் அங்கே ஒரே பூ இரண்டு முறை வந்துவிட்டது. இயற்கைப் பெயருக்குத் துணையாக வர வேண்டியது ஒரு மனிதரின் பெயர். குடும்பத்தில் யாரோ வாழ்ந்த, யாரோ கூப்பிட்ட பெயர். முதல் பெயர் உங்கள் ரசனையைச் சொல்லட்டும், இரண்டாவது அவள் எங்கிருந்து வந்தாள் என்று சொல்லட்டும்.

அப்பாவும் மாமியாரும் கேட்பது சரிதான் என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டுமே ஆளின் பெயர்கள். பிரெஞ்சுக் குடும்பங்களிலும் இரண்டாம், மூன்றாம் இடங்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டிக்கும் ஞானத்தாய் தந்தைக்கும் உரியவை. நம் வழக்கமும் இங்குள்ள வழக்கமும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. எத்தனை பெயர் வைக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பும் இல்லை. ஒருவரைத் தேர்ந்தெடுத்து இன்னொருவரை வருத்தப்பட வைக்க வேண்டியதில்லை.

அடுத்தது எழுத்து. இதில் கொஞ்சம் நிதானமாக இருங்கள், ஏனென்றால் முதல் பெயரிலேயே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. தமிழ்நாட்டில் எழுதுவதுபோல் எம்-யு-எல்-எல்-ஏ-ஐ என்று எழுதினால், இங்கே பள்ளி ஆசிரியர் அதை 'ம்யூலே' என்றுதான் படிப்பார். பிரெஞ்சில் தனி யு-வுக்கு 'உ' ஓசை கிடையாது, ஏ-ஐ சேர்ந்தால் 'ஏ' ஓசை. அந்த 'ம்யூலே' பிரெஞ்சில் கோவேறு கழுதைக்கு உள்ள சொல்லாகவே காதில் விழும். பின்னால் முடியை நீளமாக விடும் தலைமுடி வெட்டுக்கும் அதே சொல். பள்ளி முற்றத்தில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

ஆகவே எம்-ஓ-யு-எல்-எல்-ஏ-ஐ என்று எழுதுங்கள், கடைசி ஐ-யின் தலையில் ட்ரேமா என்ற இரட்டைப் புள்ளியோடு. ஓ-யு சேர்ந்தால் 'ஊ' ஓசை வரும். ட்ரேமா இருந்தால் ஏ-யும் ஐ-யும் பிரிந்து 'ஆய்' என்று ஒலிக்கும். 'முல்லாய்' என்று கூப்பிடுவார்கள். அது பரவாயில்லை, நாமே முல்லையைக் கூப்பிடும்போது அப்படித்தானே கூப்பிடுகிறோம். எல் கட்டாயம் இரண்டு இருக்க வேண்டும். ஒன்றை விட்டால் தமிழ் படிக்கத் தெரிந்தவர் கண்ணுக்கு முலை என்று ஆகிவிடும். காரைக்கால் உறவினர்கள் முன்னால் அந்தச் சங்கடம் வேண்டாம்.

ட்ரேமா பற்றிப் பயப்படத் தேவையில்லை. பிறப்புப் பதிவில் எந்தெந்தக் குறிகள் செல்லும் என்று 2014 ஜூலையில் வந்த அரசுச் சுற்றறிக்கை பட்டியலிட்டிருக்கிறது, ஐ மேல் ட்ரேமா அதில் இருக்கிறது. ஸ்பானிய என் மேலே போடும் அலைக்குறி அதில் இல்லை. ஃபிரான்சின் பிரித்தானி பகுதியில் 'ஃபாஞ்ச்' என்ற பெயருக்காக ஒரு குடும்பம் 2017 முதல் நீதிமன்றம் ஏறி இறங்கியது அந்தக் குறிக்காகத்தான். உங்களுக்கு அந்தப் பாடு கிடையாது. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் எந்தக் குறியும் வராது, புள்ளி இல்லாமல்தான் இருக்கும். விமானச் சீட்டிலும் அப்படியே. அது பிழை இல்லை.

நாகம்மாள் என்பதை நாகம்மா என்று எழுதச் சொன்னதற்கும் ஓசைதான் காரணம். 'அம்மாள்' என்று முடியும் எந்தப் பெயரையும் பிரெஞ்சு எழுத்தில் கொண்டுவந்தால் கடைசியில் 'மால்' என்று நிற்கும். பிரெஞ்சில் அது வலி, தீமை. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது முழங்குவது அந்தக் கடைசி அசைதான், ஏனென்றால் பிரெஞ்சில் அழுத்தம் எப்போதும் இறுதியில் விழும். ள் போனால் பெயர் கெடாது. ஊரிலும் உங்கள் அப்பாயியை நாகம்மா என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். என்-ஏ-ஜி-ஏ-எம்-எம்-ஏ, எல்லா எழுத்தும் நாம் நினைப்பதுபோலவே ஒலிக்கும். முல்லை இரண்டு அசை, நாகம்மா மூன்று. முதலாவது 'ஆய்' என்று முடிகிறது, இரண்டாவது 'ஆ' என்று. எதுகை முட்டாமல் இறங்கி வருகிறது. ராமசாமியோடு சேர்த்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

அப்படிச் சொல்லிப் பார்க்கும்போது முல்லை ராமசாமி என்பதையும் தனியாகச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம். அன்றாடம் காதில் விழப்போவது முதல் பெயரும் குடும்பப் பெயரும்தான். இரண்டாம் பெயர் அடையாள அட்டையிலும், திருமணப் பதிவிலும், இப்படிச் சில இடங்களிலும்தான் தலைகாட்டும். குடும்பப் பெயர் முத்துசாமியாக இருந்திருந்தால் முல்லையை வேறு மாதிரி யோசிக்கச் சொல்லியிருப்பேன். இங்கே இரண்டும் 'மூ' என்று தொடங்கி நாக்கை இடறும். ராமசாமிக்கு அந்தத் தொல்லை இல்லை.

இப்போது ரோஸ். உங்கள் எழுத்தில் ஒரு சின்ன மனக்கசப்பு தெரிந்தது: தமிழ்ப் பெயர் வைக்கப் போராடும்போது மாமியார் ஏன் பிரெஞ்சுப் பெயரைத் திணிக்கிறார் என்று. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். 1803-இல் வந்த ஒரு பிரெஞ்சுச் சட்டப்படி, நாட்காட்டிகளில் உள்ள பெயர்களும் பழைய வரலாற்றில் அறியப்பட்டவர்களின் பெயர்களும்தான் குழந்தைக்கு வைக்கலாம். நாட்காட்டி என்றால் நடைமுறையில் புனிதர்களின் நாட்காட்டி. 1966-இல் அதை நெகிழ்த்தினார்கள், 1993 ஜனவரியில்தான் பெற்றோருக்கு முழுச் சுதந்திரம் வந்தது. பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சென்னையிலிருந்தும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தச் சட்டத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் நடுவில்தான் பெயர் வைத்துக்கொண்டார்கள். மாரி, ரோஸ், ஜோசஃப் எல்லாம் அப்படி வந்தவை. நாம் இன்று முல்லை என்று துணிந்து எழுதுவது அவர்களுக்குக் கிடைக்காத வசதி.

ஆனால் அந்தத் தலைமுறையில் பலருக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று பதிவேட்டுக்கு, இன்னொன்று கோயிலுக்கும் வீட்டுக்கும். பூசாரி அர்ச்சனையில் சொன்னது இரண்டாவதை. அது எந்தக் காகிதத்திலும் இருக்காது. தெரிந்தவர்கள் போய்விட்டால் பெயரும் போய்விடும். மாமியாரிடம் கேட்கச் சொன்னது இதைத்தான்: ரோஸ் பாட்டியைக் கோயிலில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? அவருக்கு நினைவில்லை என்றால் அவருடைய அக்கா, தங்கை, சித்தி யாராவது இருந்தால் கேட்கச் சொல்லுங்கள். மீனாட்சியோ, காமாட்சியோ, வள்ளியோ, எதுவாகவும் இருக்கலாம். கிடைத்தால் அந்தப் பெயரையே உங்கள் மகளின் இரண்டாம் பெயராக வைத்து, நாகம்மாவை மூன்றாவதாக்குங்கள். ஒருபோதும் எழுதப்படாத ஒரு பெயர் முதல்முறையாக அரசாங்கப் பதிவேட்டில் ஏறும். உங்கள் அப்பாவிடம் இதைச் சொன்னால் அவர் ஓர் இடம் கீழே இறங்க மனதார ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன். வள்ளி என்று வந்தால் மட்டும் சற்று யோசியுங்கள். முல்லை வள்ளி என்று லகரமும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால் தமிழ் நாக்கே தடுமாறும். அப்போது அதை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால் ரோஸ் ரோஸாகவே இருக்கட்டும். முல்லைக்கு அப்புறம் இன்னொரு பூவா என்று கேட்பீர்கள். இந்த ரோஸ் பூவாக வரவில்லை, ஒரு பெண்மணியாக வருகிறது. நடுவில் நாகம்மா இருப்பதால் இரண்டு பூவும் மோதிக்கொள்ளவும் இல்லை.

குடும்பத்தில் கொண்டுவர எந்தப் பெயரும் இல்லாமல், முல்லைக்கு இயற்கையிலிருந்தே ஒரு துணை வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: மாரி. முல்லை பூப்பது கார்காலத்தில், மழையோடு. மழையாகவும் இருந்து அம்மனாகவும் இருப்பதால் அது காட்சியோடு நின்றுவிடாமல் ஆளின் பெயராகவும் நிற்கும். இந்தத் தீவில் மாரியம்மனைத் தெரியாத மல்பார் வீடு எது? ஆனால் எழுத்தில் கவனம். எம்-ஏ-ஆர்-ஐ என்று நிறுத்தினால் பிரெஞ்சில் அது கணவன். கடைசியில் ஒரு ஈ சேர்த்து எழுதினால்தான் பெண் பெயர். பார்ப்பவர்கள் கிறிஸ்தவப் பெயர் என்று நினைப்பார்கள், நினைத்துக்கொள்ளட்டும். நம் பாட்டிமார் பலர் மனதில் இரண்டும் சேர்ந்தேதான் இருந்தன.

மற்ற இயற்கைப் பெயர்களை வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சில. நிலா முதல் பெயராக இருந்தால் பிரெஞ்சில் துளியும் கெடாது, பின்னால் மீனாட்சி மாதிரி நீளமான பெயர் நன்றாக நிற்கும். முகிலில் ஜி-க்கும் ஐ-க்கும் நடுவில் ஒரு யு போடாவிட்டால் 'மூஜில்' ஆகிவிடும். அல்லி இங்கே ஆண் பெயரான அலியாகத்தான் கேட்கும். தென்றல், வான்மதி இரண்டிலும் ன் மூக்கொலியாகி மறைந்துவிடும். ஆசிரியர் 'தாந்த்ரால்' என்பார், எவ்வளவு திருத்தினாலும். ழகரப் பெயர்களை இஸட்-எச் போட்டு எழுதாதீர்கள், எல் போதும். மலர் எனக்கு மிகவும் பிடித்த பெயர், ஆனாலும் பிரெஞ்சு எழுத்தில் தொடக்கமே அந்த 'மால்' என்பதால் முதல் இடத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

பெயரைப் பதிவு அதிகாரி மறுத்துவிடுவாரோ என்றும் கேட்டிருந்தீர்கள். 1993-க்குப் பிறகு அவருக்கு மறுக்கும் அதிகாரம் இல்லை. நீங்கள் சொல்வதை எழுதத்தான் வேண்டும். குழந்தையின் நலனுக்கு எதிரானது என்று தோன்றினால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிப்பார், அவர் வேண்டுமானால் குடும்ப நீதிபதியிடம் கொண்டுபோவார். ஃபிரான்சின் வடக்கே வலென்சியேன் நீதிமன்றத்தில் 2014-இல் பிறந்த ஒரு குழந்தைக்கு 'ஃபிரேஸ்' என்ற பெயரை இப்படித்தான் நீக்கினார்கள். ஸ்ட்ராபெரிப் பழம்தான், அதுவும் இயற்கைப் பெயர்தான். ஆனால் அந்தச் சொல் ஒரு கேலித் தொடரில் வருவதால் குழந்தை கிண்டலுக்கு ஆளாகும் என்றார் நீதிபதி. பெற்றோர் பிறகு 'ஃபிரேஸீன்' என்று பழைய பெயர் ஒன்றை வைத்தார்கள். முல்லைக்கு அந்த ஆபத்து இல்லை, சரியாக எழுதினால்.

நட்சத்திர எழுத்து பார்ப்பீர்கள் என்றால் அதையும் இரண்டாம் பெயரிலேயே தீர்த்துக்கொள்ளலாம். மு என்பது மகத்துக்கு உரிய எழுத்து. குழந்தை வேறு நட்சத்திரத்தில் பிறந்தால் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். அப்போது அந்த நட்சத்திரத்துக்கு ஏற்ற எழுத்தில் தொடங்கும் முன்னோர் பெயர் ஒன்று கையில் இருந்தால் போதும், ரோகிணிக்கு வா, வி என்பதுபோல. ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்க்கும்போது நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், நாம் இந்தியாவைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம். அந்த ஒன்றரை மணியில் பாதம் மாறலாம், சில சமயம் நட்சத்திரமே மாறலாம்.

கடைசியாக மெரி என்ற நகராட்சி அலுவலகத்தில் செய்ய வேண்டியவை. பிறந்த நாளைச் சேர்க்காமல் ஐந்து நாளுக்குள் பதிய வேண்டும். ஐந்தாம் நாள் சனி, ஞாயிறு அல்லது விடுமுறையானால் அடுத்த வேலை நாள் வரை நேரம் உண்டு. பதிவு நடப்பது குழந்தை பிறந்த ஊரின் மெரியில். பிரசவம் சேன்-துனியில் என்றால் அங்கேதான், நீங்கள் குடியிருக்கும் சேன்ட் ஆந்த்ரேயில் அல்ல. பெரும்பாலும் கணவர்தான் போவார், நீங்கள் படுக்கையில் இருப்பீர்கள். ஆகவே பெயர்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, ட்ரேமாவைச் சிவப்பு மையில் காட்டி, இப்போதே அவர் பையில் வையுங்கள். வாயால் சொல்லி எழுத வைக்க வேண்டாம்.

பெயர்களுக்கு நடுவே காற்புள்ளி வர வேண்டும், இணைப்புக்கோடு வரக் கூடாது. முல்லை, நாகம்மா, ரோஸ் என்று காற்புள்ளியோடு இருந்தால் மூன்று தனிப் பெயர்கள். பின்னால் அவள் எதை வேண்டுமானாலும் அன்றாடப் பெயராக்கிக்கொள்ளலாம். முல்லைக்கும் நாகம்மாவுக்கும் நடுவே கோடு போட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்து பிரிக்க முடியாத ஒரே பெயர். பிறகு பெயரை மாற்ற வழி இல்லாமல் இல்லை, 2016 சட்டத்துக்குப் பிறகு நீதிமன்றம் போகாமல் மெரியிலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் நியாயமான காரணம் காட்ட வேண்டும், காகிதங்கள் சேர்க்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அதிகாரி திரையிலோ தாளிலோ காட்டுவதைக் கணவர் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கட்டும். இரண்டு எல், இரண்டு எம், ஐ மேல் இரண்டு புள்ளி, இரண்டு காற்புள்ளி. எல்லாம் இருந்தால் கையெழுத்துப் போடலாம்.